வாடகை பாக்கியும் வாழத் தகாத வீடும்

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வீட்டுச் சுவர்களில் படர்ந்த பூசணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி ஜோவன் கியர்ஸ்லி 2022 நவம்பரில் அறிவித்தார். அது தனியார் ஒருவரின் வீடு அல்ல. எளிய குடும்பங்களுக்குக் குறைந்த வாடகையில் வீடு தருவதற்கென்றே அமைந்த சமூக வீட்டுவசதி அமைப்பின் வீடு. குழந்தை பிறப்பதற்கு முன்பே, 2017இல், தந்தை பூசணம் குறித்து முறையிட்டிருக்கிறார். அதன்மேல் பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வேறு வீடு கேட்டதும் பலிக்கவில்லை. அந்த மரணத்துக்குப் பிறகு, 2023இல் சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 'அவாப் சட்டம்' எனப்படும் விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆனால், இந்தச் சீர்திருத்தம் தொடாமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. ஓதமும் பூசணமும் நிறைந்த வீட்டில் வாடும் ஒரு குடும்பம் வாடகை பாக்கி வைத்திருந்தால், பெரும்பாலான ஊர்களில் அதன் இடமாற்ற மனு அந்தப் பாக்கியிலேயே சிக்கி நின்றுவிடுகிறது. கடன் ஒரு கணக்கு. வீடு வாழத் தகுந்ததா என்பது வேறு கணக்கு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறுப்பது நியாயமும் ஆகாது, சிக்கனமும் ஆகாது.

இங்கிலாந்தில் சுமார் 40 லட்சம் குடும்பங்கள் கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றங்களின் வீடுகளிலோ, ஹவுசிங் அசோசியேஷன் எனப்படும் வீட்டுவசதிச் சங்கங்களின் வீடுகளிலோ வாடகைக்கு இருக்கின்றன. இந்த வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று, அரசே வகுத்த 'கண்ணியமான வீடு' என்ற தரத்தை எட்டவில்லை என்று அந்நாட்டு வீட்டுவசதிக் கணக்கெடுப்பு சொல்கிறது. குடியிருப்போரே கவுன்சில் வீட்டை விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையை 1980இல் மார்கரெட் தாட்சர் அரசு சட்டமாக்கியது. விற்ற வேகத்தில் புதிய வீடுகள் கட்டப்படவில்லை. 2024 மார்ச் கணக்கின்படி கவுன்சில்களின் காத்திருப்போர் பட்டியலில் 13 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் நின்றன. வெளியே தனியார் வாடகையோ எட்டாத உயரத்தில் இருக்கிறது. எனவே, மோசமான கவுன்சில் வீட்டில் இருப்பவர் தாமாகக் காலி செய்துகொண்டு போய்விட முடியாது. இருக்கும் அமைப்புக்குள்ளேயே வேறு வீட்டுக்கு மாற்றித் தரும்படி கேட்பதுதான் அவருக்குள்ள ஒரே வழி. லண்டனின் நியூஹாம், ஹாரோ, குராய்டன் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது அன்றாட வாழ்வோடு ஒட்டிய விஷயம்.

அந்த வழி எப்படி அடைபடுகிறது என்று பார்க்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் சுகாதாரக் கேடான வீட்டிலோ நெரிசலான வீட்டிலோ வாழ்வோருக்கும், உடல்நலக் காரணங்களால் மாற வேண்டியோருக்கும் நியாயமான முன்னுரிமை தரச் சொல்கிறது. அதே சட்டம், முன்னுரிமை பெற்றவர்களுக்குள் யார் முதலில் என்று தீர்மானிக்கும்போது மனுதாரரின் நடத்தையையும் கணக்கில் எடுக்கலாம் என்கிறது. வாடகை பாக்கி இந்த 'நடத்தை'க்குள் அடக்கப்படுகிறது. யார் பட்டியலில் சேரத் தகுதியானவர் என்பதைக் கவுன்சில்களே வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் விரிவாக்கியது. விளைவாக ஊருக்கு ஒரு விதி. ஓரிடத்தில் சில வார வாடகை பாக்கி இருந்தாலே மனு நிறுத்திவைக்கப்படுகிறது. வேறோரிடத்தில் தவணை ஒப்பந்தம் போட்டு, சில மாதங்கள் தவறாமல் கட்டிக் காட்டினால்தான் வரிசை நகர்கிறது. வீட்டுவசதிச் சங்கம் தன் குடியிருப்பாளரைத் தன்னுடைய இன்னொரு வீட்டுக்கு மாற்றுவது பெரும்பாலும் இந்தச் சட்டத்துக்கு வெளியே, சங்கத்தின் சொந்தக் கொள்கைப்படி நடக்கிறது. இரண்டு குடியிருப்பாளர்கள் தமக்குள் வீட்டை மாற்றிக்கொள்ள விரும்பினாலும், பாக்கியைக் கட்டிய பிறகே மாறலாம் என்று நிபந்தனை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. இத்தனை வாசல்களிலும் ஒரே பூட்டுத்தான் தொங்குகிறது.

இந்தப் பாக்கி எப்படிச் சேர்கிறது என்று கேட்காமல் இந்த விதியை எடைபோட முடியாது. குறைந்த வருவாயினருக்கான யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகை, மனுச் செய்தவருக்கு முதல் தவணையாக வந்து சேர ஐந்து வாரங்கள் ஆகும். வாடகையோ முதல் நாளிலிருந்தே ஏறுகிறது. இடைக்காலத்துக்கு முன்பணம் வாங்கினால் அது பின்னர் மாதந்தோறும் பிடித்தம் செய்யப்படுகிறது. ஆக, உதவி கேட்டு விண்ணப்பித்த அன்றே ஒரு குடும்பம் பாக்கிதாரர் ஆகிவிடுகிறது. 2013 ஏப்ரலில் வந்த 'படுக்கையறை வரி' இதைவிடத் தெளிவான சான்று. தேவைக்கு மேல் ஓர் அறை இருந்தால் வாடகை உதவியில் 14 சதவீதமும், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதமும் வெட்டப்பட்டன. சிறிய வீட்டுக்கு மாறுங்கள் என்பதே அரசின் செய்தி. ஆனால், முதல் ஆறு மாதங்களில் அப்படி மாற முடிந்தவர்கள் 4.5 சதவீதமே என்று அரசுக்காகச் செய்யப்பட்ட மதிப்பாய்வு காட்டியது. மாறுவதற்குச் சிறிய வீடுகள் இல்லை. உதவி வெட்டப்பட்டதால் பாக்கி சேர்ந்தது. சேர்ந்த பாக்கியே மாறுவதற்கும் தடையானது. அந்த முரண் கண்ணில் பட்டதும் சில அமைப்புகள் சிறிய வீட்டுக்கு மாறுவோருக்கு மட்டும் பாக்கி விதியைத் தளர்த்தின. அறை மிச்சமாக இருப்பதற்குத் தளர்த்த முடிந்த விதியை, குழந்தையின் மூச்சு திணறுவதற்குத் தளர்த்த முடியாதா என்பதே நம் கேள்வி.

வீடும் தன் பங்குக்குக் கடனைப் பெருக்குகிறது. ஓதம் ஏறிய சுவர் சூட்டைத் தக்கவைக்காது. அந்த வீட்டைக் கதகதப்பாக வைக்க மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் கூடுதலாகச் செலவாகும். பூசணம் பற்றிய கட்டிலையும் மெத்தையையும் உடைகளையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியிருக்கும். ஆஸ்துமா முற்றிய குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் நாளெல்லாம், மணிக்கணக்கில் கூலி வாங்கும் தாய்க்கோ தந்தைக்கோ வருமானம் இல்லாத நாள். இந்தச் செலவுகளுக்கும் இழப்புகளுக்கும் மூலம் வீட்டின் பழுது. பழுதை நீக்கக் கடமைப்பட்டவர் வீட்டுக்காரர். அவர் கடமை தவறியதால் சேர்ந்த பாக்கியைக் காரணம் காட்டி, அதே பழுதான வீட்டிலேயே குடும்பத்தை இருத்திவைப்பது, தன் தவறின் பலனைத் தானே அனுபவிப்பதாகும்.

நீதிமன்றம் இந்தப் பிரச்சினையை இப்படிப் பார்ப்பதில்லை. வீட்டின் கட்டமைப்பையும் குழாய், மின்சார, வெப்ப வசதிகளையும் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை 1985ஆம் ஆண்டின் வீட்டுக்காரர்-குடியிருப்பாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவு வீட்டுக்காரர் மீது சுமத்துகிறது. வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற கடமையை 2018ஆம் ஆண்டின் சட்டம் சேர்த்தது. இவற்றில் எதுவும், வாடகை பாக்கி வைத்தவருக்கு இந்தக் கடமை கிடையாது என்று சொல்லவில்லை. பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யக் கோரி வழக்குப் போட்டால், பழுதுக்கு நஷ்டஈடு கேட்டுக் குடியிருப்பாளர் எதிர்க்கோரிக்கை வைக்கலாம். நஷ்டஈட்டைப் பாக்கியிலிருந்து நீதிபதி கழிப்பார். சில வழக்குகளில் கழித்த பிறகு பாக்கியே இருக்காது. அதாவது, நீதிமன்றத்தின் தராசில் இரு தட்டுகள் உண்டு. இடமாற்ற மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரியின் மேசையில் ஒரு தட்டுத்தான் இருக்கிறது. குடியிருப்பாளர் தர வேண்டியது கணினியில் பவுண்டு, பென்ஸ் சுத்தமாக நிற்கிறது. அவருக்கு வர வேண்டியதை யாரும் பதிவதே இல்லை. இந்த ஒருதலைக் கணக்கில்தான் அவர் மோசமான வாடகைதாரர் என்று முத்திரை குத்தப்படுகிறார். தாமாக வழக்குப் போட்டு அதைச் சரிசெய்யவும் வழி குறைவு. 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வெட்டுக்குப் பிறகு, பழுதுக்காக நஷ்டஈடு கேட்கும் வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவி பொதுவாகக் கிடைப்பதில்லை. வெளியேற்ற வழக்கு வந்து, அதில் எதிர்க்கோரிக்கை வைத்தால் கிடைக்கும். வீடு பறிபோகும் நிலை வந்த பிறகே தன் பக்கக் கணக்கை எடுத்துவைக்க ஒருவருக்கு உதவி கிடைக்கிறது.

பாக்கி வைத்தவர் வேண்டுமென்றே வைத்தாரா என்ற கேள்வியையும் சட்டம் வேறு இடங்களில் கேட்கிறது. சாமுவேல்ஸ் எதிர் பர்மிங்ஹாம் மாநகர மன்றம் என்ற வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. பிள்ளைகளோடு தனியார் வீட்டில் வாழ்ந்த ஒரு தாய்க்குக் கிடைத்த வாடகை உதவி, வாடகையைவிட மாதம் 151 பவுண்டு குறைவு. பாக்கி சேர்ந்து வீட்டை இழந்தார். மற்ற உதவித்தொகைகளிலிருந்து மிச்சம் பிடித்து வாடகை கட்டியிருக்கலாம், எனவே அவர் தாமே வருவித்துக்கொண்ட வீடற்ற நிலை இது என்றது கவுன்சில். வாழ்வதற்கான குறைந்தபட்சத் தொகையாக அரசே வகுத்த உதவித்தொகையில் 'நெகிழ்வு' இருப்பதாகக் கொள்வதற்கு ஆதாரம் இல்லை என்று கருதிய உச்ச நீதிமன்றம், கவுன்சிலின் முடிவை ரத்து செய்தது. சோற்றுக்கும் பிள்ளைகளின் துணிக்கும் உரிய பணத்தை வாடகைக்குத் திருப்பாதவரைக் குற்றவாளியாக்க முடியாது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம். வீடிழந்தவர் விஷயத்தில் கட்டாயமாகக் கேட்கப்படும் இந்தக் கேள்வி, வீட்டிலிருந்தே அவதிப்படுபவரின் இடமாற்ற மனுவில் ஏன் கேட்கப்படுவதில்லை?

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு, ஒழுங்காக வாடகை கட்டுபவர்களுக்கு இது அநீதி என்பது. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாடகை செலுத்தும் குடும்பம் வரிசையில் நிற்கும்போது, பாக்கி வைத்தவர் நல்ல வீட்டுக்குப் போவதா என்ற மனத்தாங்கல் இயல்பானது. அதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால், பாக்கி வைத்ததற்காக எவருக்கும் முன்னுரிமை தரும்படி யாரும் கேட்கவில்லை. வீட்டின் அபாயத்துக்காகத் தரப்படும் முன்னுரிமையைப் பாக்கியைக் காட்டிப் பறிக்காதீர்கள் என்பதே கோரிக்கை. ஒரே அளவு அபாயமுள்ள இரண்டு வீடுகளில் இருக்கும் இரு குடும்பங்களில், ஒழுங்காகக் கட்டியவரை முதலில் அனுப்புவதில் தவறில்லை. சமையலறை பழசாகிவிட்டது என்பவரும், சுவாசக் குழாயில் பூசணம் இறங்கும் குழந்தையோடு இருப்பவரும் சமமானவர்கள் அல்லர். அங்கே பாக்கி குறுக்கே வந்து வரிசையைத் தலைகீழாக்குவதுதான் அநீதி.

இரண்டாவது மறுப்பு, கதவைத் திறந்துவிட்டால் எல்லாரும் வாடகையை நிறுத்திவிடுவார்கள் என்பது. பாக்கியால் எந்த ஆதாயமும் கிடைக்காதபோது அதை யாரும் திட்டமிட்டு வைக்க மாட்டார்கள். வீடு மாறினாலும் கடன் மறைவதில்லை. வெளியேற்ற வழக்கு என்ற கத்தியும் தலைக்கு மேலேயே தொங்குகிறது. மாற்றம் வேண்டும் என்று முடிவுசெய்யப்போவது குடியிருப்பாளர் அல்லர், வீட்டைச் சோதிக்கும் நிபுணர். 2004ஆம் ஆண்டின் சட்டப்படி வீட்டு அபாயங்களை அளந்து வகைப்படுத்தும் முறை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. முதல் வகை அபாயம் என்று சான்றளிக்கப்பட்ட வீட்டில், தவணை தவறியதை ஒரு சூழ்ச்சியாகப் பார்க்க இடமில்லை.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. அது நேர்மையான பதிலைக் கோருகிறது. வாடகைதான் இந்த அமைப்புகளின் உயிர்நாடி. பழுது பார்ப்பதும் அந்தப் பணத்தில்தான். 2016 முதல் நான்கு ஆண்டுகள் வாடகையை ஆண்டுக்கு ஒரு சதவீதம் குறைக்கும்படி அரசு கட்டாயப்படுத்தியதில் அவற்றின் வருவாய் மெலிந்தது உண்மை. அதோடு, குடியிருப்பாளர் புதிய வீட்டுக்குப் போனதும் பழைய பாக்கி 'முந்தைய வீட்டுக் கடன்' ஆகிவிடுகிறது. தற்போது குடியிருக்கும் வீட்டின் பாக்கிக்குத்தான் யுனிவர்சல் கிரெடிட்டிலிருந்து நேரடிப் பிடித்தம் செய்ய முடியும். பழைய வீட்டுப் பாக்கிக்கு அந்த வசதி கிடையாது. மாற்றத்தை அனுமதித்தால் கடனை வசூலிக்கும் பிடி தளர்ந்துவிடும் என்ற அமைப்புகளின் அச்சம் பொய்யில்லை. ஆனால், அதற்கான மருந்து பிடித்தம் பற்றிய விதியைத் திருத்துவதே. ஒரே அமைப்பின் வீட்டுக்குள் மாறும்போது பாக்கியும் பிடித்தம் செய்யும் வசதியும் கூடவே செல்லும் என்று விதியை மாற்றலாம். புதிய வாடகை ஒப்பந்தத்திலேயே பழைய கடனைத் தவணையில் கட்டும் நிபந்தனையைச் சேர்க்கலாம். அதை மீறினால் ஒப்பந்த மீறலாகும். நிர்வாக விதியில் உள்ள ஓர் ஓட்டையை அடைக்க, குழந்தைகளின் நுரையீரலைப் பிணையாக வைக்க வேண்டியதில்லை.

நான்காவது மறுப்பு, மாற்றுவானேன், இருக்கும் வீட்டையே பழுது பார்த்தால் போதாதா என்பது. பழுது பார்க்க முடிந்த இடத்தில் அதுவே சரி. அவாப் சட்டம் அதற்குக் கெடுவும் விதித்திருக்கிறது: அவசர அபாயத்துக்கு 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை, குறிப்பிடத்தக்க ஓதம், பூசணத்துக்கு 10 வேலை நாள்களில் சோதனை, சோதனை முடிந்து 5 வேலை நாள்களுக்குள் பாதுகாப்புப் பணி, அந்தக் கெடுவுக்குள் பாதுகாப்பு செய்ய முடியாவிட்டால் வீட்டுக்காரர் செலவில் மாற்றுத் தங்குமிடம். பாக்கி உள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்ற விலக்கு அதில் இல்லை. ஆனால், அந்தத் தங்குமிடம் தற்காலிகமானது. கட்டடத்தின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தால் எத்தனை முறை பூசிமெழுகினாலும் ஓதம் திரும்ப வரும். அப்படிப்பட்ட ஓதம் 'பழுது' என்ற சொல்லுக்குள் வராது என்று டாஃப் ஈலி வழக்கில் 1985இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அந்த இடைவெளியை ஓரளவு அடைக்க 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குராய்டன் கவுன்சிலின் ரெஜினா ரோடு அடுக்குமாடி வீடுகளின் நிலையை 2021இல் ஐடிவி தொலைக்காட்சி வெளிக்கொணர்ந்தது. விதிமீறல் நடந்ததாக ஒழுங்குமுறை ஆணையமும் கண்டறிந்தது. பிறகு அந்தக் கட்டடங்களை இடித்துக் கட்டுவதென்றே முடிவானது. இத்தகைய கட்டடங்களில் நிரந்தர மாற்றமே தீர்வு.

வீடுகளே இல்லாத நாட்டில் இது எப்படிச் சாத்தியம் என்றும் கேட்கப்படுகிறது. தட்டுப்பாடு உண்மை. ஆனால், பாக்கி விதி ஒரு வீட்டையும் புதிதாகக் கட்டித் தருவதில்லை; யார் காத்திருப்பது என்பதை மட்டுமே அது மாற்றுகிறது. மேலும், தொடர்ந்து வாழ்வது நியாயமற்ற வீட்டில் இருப்பவரைச் சட்டம் வீடற்றவராகவே கருதுகிறது. இடமாற்றம் மறுக்கப்பட்டவர் கடைசியில் அந்த வாசலில் வந்து நிற்பார். அப்போது அவரைத் தங்கும் விடுதியிலோ நாள் வாடகை அறையிலோ வைப்பது கவுன்சிலின் பொறுப்பு. இத்தகைய தற்காலிகத் தங்குமிடங்களுக்கு இங்கிலாந்துக் கவுன்சில்கள் 2023-24இல் சுமார் 230 கோடி பவுண்டு செலவிட்டன. சில நூறு பவுண்டு பாக்கிக்காக ஒரு குடும்பத்தை மறித்து, பல ஆயிரம் பவுண்டு செலவுக்கு வழிவிடுவது எந்தக் கணக்கிலும் சிக்கனம் ஆகாது.

இந்த விதிக்கு அடியில் ஒரு மனப்போக்கும் இருக்கிறது. வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் ரிச்சர்ட் பிளேக்வே 2021 அக்டோபரில் வெளியிட்ட ஓதம், பூசணம் குறித்த அறிக்கையின் தலைப்பே, இது வாழ்க்கை முறையால் வருவது அல்ல என்று சொன்னது. ஜன்னலைத் திறக்கவில்லை, துணியை உள்ளே உலர்த்துகிறீர்கள், அதிகம் சமைக்கிறீர்கள் என்று குடியிருப்போரையே குற்றம் சாட்டும் பழக்கத்தைக் கைவிடும்படி அவர் அறிவுறுத்தினார். பூசணத்துக்குக் காரணம் குடியிருப்பவரின் பழக்கம் என்பதும், பாக்கிக்குக் காரணம் அவருடைய நடத்தை என்பதும் ஒரே பார்வையின் இரு வடிவங்கள். முதலாவதைக் கைவிட்டவர்கள் இரண்டாவதையும் கைவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கடும் அபாயம் உறுதிசெய்யப்பட்ட வீட்டிலிருந்து இடமாற்றம் கேட்பவருக்கு வாடகை பாக்கி தடையாகாது என்று மத்திய அரசு சட்டமாகவே அறிவிக்க வேண்டும்; ஊருக்கு ஒரு விதி என்ற நிலை நீங்க வேண்டும். பாக்கியைக் கணக்கிடும்போது, தீராத பழுதுக்காக வீட்டுக்காரர் தர வேண்டிய நஷ்டஈட்டைக் கழித்த பிறகே தொகையைச் சொல்ல வேண்டும். அரசின் உதவித்தொகை தாமதத்தால் சேர்ந்த பாக்கியை நடத்தைக் குறைபாடாகக் கருதக் கூடாது. வசதிக்கேற்ற தவணைத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டாலே போதும், மாதக்கணக்கில் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை என்றாக வேண்டும். வீட்டின் நிலையைச் சொந்தக் கவுன்சிலே மதிப்பிடாமல், வெளியாள் ஒருவர் மதிப்பிட வேண்டும்.

சட்டம் மாறும்வரை, இந்நிலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். அது வீட்டுக்காரர் கையில் ஆயுதம் கொடுப்பதாகும். பழுதைப் படம் எடுத்து, தேதியோடு எழுத்தில் முறையிடுங்கள். சிறு தொகையானாலும் தவணை ஒப்பந்தம் போட்டுத் தவறாமல் கட்டுங்கள். மருத்துவரின் கடிதத்தை இடமாற்ற மனுவோடு இணையுங்கள். பாக்கியைக் காட்டிக் கவுன்சில் மனுவை மறுத்தால், மறுபரிசீலனை கேட்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு. பழுது குறித்த புகாருக்கு வீட்டுக்காரர் தரும் பதில் திருப்தி தராவிட்டால் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இங்கிலாந்து அரசுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. கடனை வசூலிக்க நீதிமன்றம், தவணை, பிடித்தம் என எத்தனையோ வழிகள் இருக்கின்றன. கெட்டுப்போன நுரையீரலைத் திருப்பித் தர எந்த வழியும் இல்லை. திரும்பப் பெறக்கூடிய ஒன்றுக்காக, திரும்பப் பெற முடியாத ஒன்றைப் பணயம் வைக்கும் விதியை இனியும் வைத்திருக்கக் கூடாது.